கட்டிய நாயும் பூட்டிய வீடும்

குருமனைக்கு வந்து சேரும் முறையீடுகள் பலவகைப்படும். வரப்புத் தகராறு வரும். வரதட்சணைப் பிணக்கு வரும். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைக் கூப்பிட்டுக் கண்டிக்குமாறு மனைவி கண்ணீருடன் வருவாள். திருவிழாச் சப்பரம் தங்கள் தெருவுக்குள் திரும்பவில்லை என்று பெரியவர்கள் நால்வர் கூடி வருவர். கால் நூற்றாண்டுக்கு மேலாக இவற்றைக் கேட்டுப் பழகிய நமக்கு, காரைக்குடிப் பக்கம் வந்த பின்னர் புதியதொரு முறையீடு வரத் தொடங்கியிருக்கிறது. அது நாயைப் பற்றியது. கடித்த நாயைப் பற்றியதன்று. கடித்தால் அரசு மருத்துவமனையில் ஊசி உண்டு. அதற்கென ஒரு வழி உண்டு. இவர்கள் சொல்வது குரைக்கும் நாயைப் பற்றி.

‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்ற பழமொழியைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் அப்படி அனுப்பப்பட்டவர் வீட்டுக்குப் போய், இரவு பத்து மணிக்குப் படுத்து, பன்னிரண்டு மணிக்குக் கண் திறந்து, நான்கு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால், அப்பழமொழியைச் சொன்னவன் நாயே இல்லாத ஊரில் வாழ்ந்தவன் போலும் என்றுதான் எண்ணுவார்.

இந்தச் செட்டிநாட்டுச் சீமையில் இக்குறை சற்று மிகுதியாகத் தோன்றுவதற்கு இங்குள்ள வீடுகளே ஒரு காரணம். இப்பக்கம் வந்திராத வாசகர்களுக்காகச் சொல்கிறோம். இங்குள்ள பெரிய வீடொன்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டு, தோட்டம் என நீண்டுகொண்டே போகும். பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்த சுவர்களும் கண்ணுக்கு விருந்து. ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் இயல்பு மட்டும் அவற்றுக்கு இல்லை. திறந்த முற்றத்தில் ஒருவர் இருமினால் அடுத்த கட்டில் இருப்பவர் ‘யாரது?’ என்பார். அத்தகைய முற்றத்தில் ஒரு நாய் குரைத்தால் ஒன்பது நாய் குரைப்பதாகத் தோன்றும்.

இவ்வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கொண்டுவிற்கப் போன நகரத்தார் முன்னோர் இரங்கூனிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு எழுப்பியவை அவை. பேரப்பிள்ளைகள் இன்று சென்னையிலும் அயல்நாடுகளிலும் வாழ்கின்றனர். திருமணம், சாந்தி, படைப்பு என்றால்தான் கதவு திறக்கும். மற்ற நாள்களில் வீட்டுக்குக் காவல் ஒரு முதியவரும் ஒரு நாயும். முதியவர் பொழுது சாய்ந்ததும் தம் வீட்டுக்குப் போய்விடுவார். நாய்க்குப் போவதற்கு வேறு வீடில்லை.

நம் பங்கைச் சேர்ந்த குடும்பமொன்று அத்தகைய வீட்டின் பின்சுவரை ஒட்டிக் குடியிருக்கிறது. குடும்பத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பக்கவாதம் கண்டு படுக்கையில் விழுந்து இரண்டாண்டாகிறது. வலக்கை அசைவதில்லை, பேச்சும் போய்விட்டது. மனைவி அவரைக் குழந்தைபோல் பார்த்துக்கொள்கிறார். மகன் சரக்கு வண்டி ஓட்டுபவர். பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம், பின்கட்டில், தேனிப் பக்கத்துக் கோம்பை இனத்து நாய் ஒன்று, நான்கடிச் சங்கிலியில். காவலுக்குப் பெயர்போன இனம் அது, குரலும் அதற்கேற்றது.

நோயாளிக்குத் திருவிருந்து கொண்டுசென்ற ஒரு முற்பகலில் அந்த அம்மையார் ஒரு குறிப்பேட்டை எடுத்து வந்து நம் கையில் கொடுத்தார். பேத்தியின் கையெழுத்து. கணக்குப் பாடத்துக்குப் போட்ட கோடுகளுக்கிடையே நேரம் நேரமாக எழுதியிருந்தது: 10.40, 11.15, 11.50, 1.05, 1.30, 2.45. பக்கம் பக்கமாக நாற்பது நாள்களுக்கு மேல் இருந்தது.

“அவர் தூங்குகிறார் என்றுதான் நினைப்பேன், சாமி. அது குரைக்கும்போதெல்லாம் இடக்கை மட்டும் துள்ளும். அப்புறம் விடிகிற வரைக்கும் கண்ணை மூட மாட்டார். சொல்லவும் முடியாது அவருக்கு” என்றார்.

கதவருகில் நின்றிருந்த மகன் குறுக்கிட்டார். “நான் ஒரு வழி சொன்னேன், சாமி. அம்மா கேட்க மாட்டேன் என்கிறார்கள். கோழிக் குடலில் கொஞ்சம் மருந்து கலந்து சுவருக்கு மேலே எறிந்தால் போதும். ஒரே இராத்திரியில் எல்லாரும் தூங்கலாம்.”

“சாமி முன்னால் என்ன பேச்சுடா இது?” என்று தாய் அதட்டினார். ஆயினும் அவர் அதட்டலில் வலுவில்லை. நாற்பது இரவு உறங்காதவரின் அதட்டல் அவ்வளவுதான் இருக்கும்.

அந்த இளைஞரிடம் சட்டத்தைச் சொன்னோம். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி, எந்தப் பிராணியையும் கெட்ட நோக்குடன் கொல்வதும் நஞ்சிடுவதும் ஐந்தாண்டு வரை சிறையிடத்தக்க குற்றம். பழைய தண்டனைச் சட்டம் 10 ரூபாய் பெறும் பிராணி, 50 ரூபாய் பெறும் பிராணி என விலை பேசியே தண்டனையை வகுத்திருந்தது. புதிய சட்டம் விலை பேசுவதில்லை. அவர் அதற்கெல்லாம் அசைந்தாரில்லை. ‘ஒருவேளைச் சோற்றுக்குக் காத்துக் கிடக்கும் நாய், சுவருக்கு மேலிருந்து வந்து விழும் கறியை உன்னை நம்பித்தானே தின்னும்?’ என்று கேட்டபோதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் ஒருவரைக் குறை சொல்வதிலும் பயனில்லை. நாயைப் பற்றிய முறையீட்டுக்கு ஆட்சியாளர்கள் நெடுங்காலம் அறிந்திருந்த விடையும் அதுவேதான். பம்பாயில் ஆங்கிலேயர் ஆட்சியில் தெருநாய்களைக் கொல்லும் ஆணை தீவிரமாக நிறைவேற்றப்பட்டபோது, நாயைப் போற்றும் பார்சி மக்கள் 1832 ஜூனில் கிளர்ந்தெழுந்தனர். கடைகள் அடைக்கப்பட்டன, கலகம் மூண்டது. சென்னை மாநகராட்சியும் நூறாண்டுக்கு மேலாக நாய்களைப் பிடித்துக் கொன்றே வந்தது. சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பினர், கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லை, கருத்தடை செய்து தடுப்பூசி இட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று பல்லாண்டு மன்றாடினர். 1996-இல்தான் மாநகராட்சி அதற்கு இசைந்தது. அவ்வழியே 2001-இல் நாடு முழுமைக்குமான விதியாயிற்று. 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 2025-இல் இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். தலைநகர் தில்லிப் பகுதியின் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க ஆகஸ்டு 11-இல் ஓர் ஆணை. அதே மாதம் 22-இல், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து எடுத்த இடத்திலேயே விடும்படி திருத்தம். நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து அகற்றும்படி மற்றோர் ஆணை.

இத்தனையும் தெருநாயைப் பற்றியது, கடியைப் பற்றியது. கருத்தடை செய்த நாய்கள் பருவ காலத்தில் கூடிச் சண்டையிடுவது குறைவதால் தெருவின் இரவு ஓசை ஓரளவு தணியும் என்பது உண்மையே. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் கட்டிக்கிடக்கும் நாயை இவ்விதிகளில் எதுவும் எட்டிப் பார்ப்பதில்லை.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அந்த அம்மையார் ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். ‘ஒலிபெருக்கியா? இல்லையா? அப்படியானால் நாங்கள் என்ன செய்ய முடியும்?’ என்றார்களாம். மற்றோர் அலுவலகத்தில், ‘நாய் தெருவில் திரிகிறதா, வீட்டுக்குள் இருக்கிறதா? வீட்டுக்குள் என்றால் பிடிக்க முடியாதே, அம்மா’ என்றார்களாம். இரண்டு இடத்திலும் நாற்காலி கொடுத்துத்தான் பேசியிருக்கிறார்கள். பொய்யும் சொல்லவில்லை. சட்டம் இருக்கும் நிலை அதுதான்.

வாசகர்களில் இத்துன்பம் உடையோர் பலர் இருக்கக்கூடும். ஆதலால் நாம் படித்தறிந்ததைச் சற்று விரித்தே சொல்கிறோம்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் ஓசையின் எல்லை பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரவென்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. எல்லைக்கு மேல் 10 டெசிபெல் மிகுந்தால் முறையிடலாம். நாயின் குரைப்பை அருகில் நின்று அளந்தால் 80-ஐத் தாண்டுவது எளிது. (2012-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு நாய் 113.1 டெசிபெல் அளவுக்குக் குரைத்து உலக சாதனை நூலில் இடம்பெற்றது. அதன் பக்கத்து வீட்டாருக்கு யாரும் பரிசு கொடுத்ததாகத் தெரியவில்லை.) அப்படியானால் வழக்கு வென்றாயிற்று என்று எண்ணிவிட வேண்டா. இவ்விதி அளப்பது ஒரு கால அளவின் சராசரி ஓசையை. இடைவிடாது இரையும் ஆலைக்கு அது பொருந்தும். நாயோ நான்கு முறை குரைத்துவிட்டு இருபது நிமிடம் வாளாவிருக்கும். சராசரி பார்த்தால் தெரு அமைதியானது. ஆனால் அந்த இருபது நிமிடமும் படுக்கையில் கிடப்பவர் உறங்குவதில்லை. அடுத்த குரைப்புக்காகக் காத்திருக்கிறார். காத்திருத்தலை அளக்கும் கருவி எதுவும் இல்லை. கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்கு ஆண்டில் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை சலுகை தரவும் அவ்விதியே மாநில அரசுக்கு இடமளிக்கிறது. நாய்க்கு அத்தகைய சலுகையும் இல்லை, தடையும் இல்லை.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரி 26-இல் வளர்ப்பு நாய்கள் குறித்து ஒரு சுற்றறிக்கை விடுத்தது. அடுக்ககங்களிலும் குடியிருப்புச் சங்கங்களிலும் நாய் வளர்க்கக் கூடாதெனத் தடை விதிக்க முடியாது. பெரும்பான்மையோர் கூடித் தீர்மானித்தாலும் முடியாது. குரைப்பது நாயின் இயல்பு, அதைக் காரணமாகக் காட்டி அதனை வெளியேற்றலாகாது என்பது அதன் சாரம். ஆனால் அதே அறிக்கை வளர்ப்போரிடமும் ஒன்று சொல்கிறது: ஓயாத குரைப்பு அண்டை வீட்டாரை வருத்தும், ஆகவே, குறிப்பாக இரவு வேளையில், நாயை அமைதியாக வைத்திருக்க இயன்றதெல்லாம் செய்க. முதற்பகுதியை நாய் வளர்ப்போர் மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். இரண்டாம் பகுதியை ஒப்பித்தவர் ஒருவரையும் நாம் இன்னும் சந்திக்கவில்லை.

மூன்றாவது வழி, பொதுத் தொல்லை என்று முறையிடுவது. நியாய சன்ஹிதாவின் 270-ஆம் பிரிவு அதன் இலக்கணத்தைக் கூறுகிறது. 292-ஆம் பிரிவு 1000 ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. ஆனால் பொதுத் தொல்லை என்றால் அக்கம்பக்கத்தார் பொதுவாகப் பாதிக்கப்பட வேண்டும். ஒரே சுவரை ஒட்டிய ஒரே வீட்டின் துன்பத்தைப் பொதுத் தொல்லையாக மெய்ப்பிப்பது அரிது. உரிமையியல் நீதிமன்றத்தில் தனி வழக்குத்தான் போட வேண்டும். வழக்கு முடியும்போது நாயும் இராது, நோயாளியும் இரார்.

பிற நாடுகளில் இதற்கு எண்ணால் விடை கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் கொலோன் உயர் நீதிமன்றம் 1993-இல் ஒரு வழக்கில், நாய் தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேலும், ஒரு நாளில் மொத்தம் முப்பது நிமிடத்துக்கு மேலும் குரைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், இரவிலும் நடுப்பகல் ஓய்வு நேரத்திலும் குரைக்கவே விடலாகாது என்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பை நாய்க்கு யார் படித்துக் காட்டினார்கள் என்று அந்நாட்டிலேயே நகைத்திருப்பார்கள் என நம்புகிறோம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலும் பத்து நிமிடத் தொடர் குரைப்பு, அல்லது மூன்று மணி நேரத்துக்குள் விட்டுவிட்டு முப்பது நிமிடம் என்று கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துச் சட்டம் எண்ணை நாடவில்லை. அண்டையில் இருப்பவரின் அமைதியை நியாயமற்ற அளவில் குலைக்கும் நாயின் உரிமையாளருக்கு உள்ளூர் மன்றம் ஆணையிடலாம், அவ்வாணை ஆறு மாதம் செல்லும் என்கிறது. நாயின் குரல்நாணை அறுத்துவிடும் கொடுமையும் சில இடங்களில் நடந்ததுண்டு. வளர்ப்புப் பிராணிகளின் பாதுகாப்புக்கான 1987-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒப்பந்தம் அதனைத் தடை செய்தது. நஞ்சிடுவதைவிட அது எவ்வகையில் மேலானதென்று நமக்கு விளங்கவில்லை.

இவற்றையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நாம் ஒரு பக்கத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறோமே என்ற எண்ணம் எழுந்தது. ஆகவே ஒரு மாலை, காவல் முதியவர் சோறு வைக்க வரும் நேரம் பார்த்துப் பெரிய வீட்டுக்குப் போனோம். முகப்பில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்ற பலகை தொங்கியது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்து வீடொன்றின் வாயிலில், கட்டிய நாயொன்றின் உருவத்தைக் கல் சில்லுகளால் பதித்து, அதனடியில் ‘கேவே கானெம்’ என்று பொறித்திருக்கிறார்கள். நாயைக் குறித்து எச்சரிக்கையாயிரு என்பது பொருள். பத்தொன்பது நூற்றாண்டாகப் பலகையின் வாசகம் மாறவேயில்லை. கள்வனுக்குச் சொல்கிறோமேயன்றி, பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்ல யாரும் ஒரு பலகை எழுதவில்லை.

பின்கட்டில் நாய் நம்மைக் கண்டு குரைத்தது. முதியவர் சட்டியை வைத்ததும் அடங்கிற்று. சங்கிலி எட்டும் தூரம் வரை தரை வட்டமாகத் தேய்ந்து பளபளத்தது. அவ்வட்டத்துக்குள்தான் அதன் உணவு, நீர், மலசலம் எல்லாம்.

“இதை அவிழ்த்து விடுவதுண்டா, ஐயா?” என்று கேட்டோம்.

“வந்த புதிதில் நடத்திக்கொண்டு போவேன், சாமி. இப்போது எனக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. தப்பிப் போய் யாரையாவது கடித்துவிட்டால் யார் பதில் சொல்வது? ஆச்சி சென்னையில் இருக்கிறார்கள்” என்றார்.

1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவில், வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராமல் இருப்பது வதை என்றே எழுதப்பட்டிருக்கிறது. முதற்குற்றத்துக்குத் தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அத்தொகைக்கு இன்று நாய்ச் சங்கிலிகூட வாங்க முடியாது. ஆயினும் நாம் தேடிய விதி அங்கேதான் இருந்தது. ஓசையின் சட்டத்தில் நுழைய முடியாத அந்த அம்மையாரின் குறை, வதையின் சட்டத்தில் நேரே போய்ப் பொருந்துகிறது. அவர் எழுதி வைத்த நேரங்கள் எல்லாம், அந்த நாய் தனித்துக் கிடந்த நேரங்களின் கணக்கும் ஆகும்.

குரைப்பெல்லாம் ஒரே குரைப்பன்று. அங்கேரி நாட்டின் புடாபெஸ்டு நகரத்து அறிஞர்கள் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அந்நியரைக் கண்டபோது, விளையாடும்போது, மரத்தில் கட்டிவிட்டு உரிமையாளர் கண் மறைந்தபோது எனப் பல நிலைகளில் நாய்களின் குரைப்பைப் பதிவு செய்து மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எது எந்நிலைக் குரைப்பு என்பதை, நாயே வளர்த்திராதவர்கள்கூடக் குருட்டு ஊகத்தால் கிடைப்பதைவிடச் சரியாகவே கூறினார்கள். நம் பேத்தியின் குறிப்பேட்டைப் புரட்டியபோது, அவளும் சில நேரங்களின் எதிரே ‘ஆள்’ என்றும், பலவற்றின் எதிரே ‘சும்மா’ என்றும் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. கள்வனைக் கண்டு குரைப்பது காவல். ‘சும்மா’ என்று அவள் எழுதியதுதான் நாற்பது இரவைத் தின்றது.

குரைக்க மாட்டாத காவல் நாய்களை எசாயா இறைவாக்கினர் கடிந்துரைக்கிறார். காவல் நாய் குரைக்கத்தான் வேண்டும். தோபியாவின் கூட நெடுவழி நடந்த நாயோ ஓரிடத்திலேனும் குரைத்ததாக விவிலியத்தில் இல்லை. கூட நடப்பதற்கு ஆள் இருந்தது, அவ்வளவுதான். இவ்வூரிலிருந்து சிறிது தொலைவில், நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்றான வைரவன்பட்டி இருக்கிறது. வைரவரின் ஊர்தி நாய். தம் குலம் போற்றும் தெய்வத்தின் அருகில் நாயை நிறுத்தி வணங்கும் மக்கள் நாயை வெறுப்பவர் அல்லர் என்ற துணிவுடன்தான் ஆச்சியின் கைப்பேசி எண்ணை முதியவரிடம் கேட்டு வாங்கினோம்.

ஆச்சி மரியாதையாகவே பேசினார். வயது எண்பதை நெருங்குகிறது என்பது குரலில் தெரிந்தது.

“நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அறுபது வருஷம், சாமி. நாய் இல்லாமல் இருந்த ஆறு மாதத்தில் வெண்கல அண்டா மூன்று போயிற்று. பித்தளைப் பூண் போயிற்று. நாய் வந்த பிறகு ஒரு ஆணிகூடப் போகவில்லை. குரைக்காத நாயை வைத்து நான் என்ன செய்வது?”

“குரைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆச்சி. நாய் யாருடையது என்று மட்டும் சொல்லுங்கள். அவரிடமே பேசிக்கொள்கிறோம்.”

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. “வீட்டுக்குப் பதினொரு புள்ளி, சாமி. ஓடு மாற்றுவதென்றால் பதினொரு பேரையும் கேட்க வேண்டும். நாயை வாங்கி விட்டது என் கொழுந்தன் மகன். அவன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான்.”

நகரத்தார் வழக்கில் மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. வீட்டுக்குப் பதினொரு புள்ளி, நாய்க்கு ஒருவருமில்லை. சிங்கப்பூரில் அரசு அடுக்ககங்களில் வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறு இனங்களுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். அப்படிப்பட்ட வீடொன்றில் அத்தம்பி குடியிருந்தால், தாம் இங்கே வாங்கி விட்ட கோம்பை நாயை அங்கே ஓர் இரவுகூட வைத்திருக்க இயலாது.

சட்டங்கள் எல்லாம் ‘உரிமையாளர்’ என்று எழுதுகின்றன. இச்சீமையில் அச்சொல்லுக்குப் பொருள் காண்பதே கடினம். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று காட்டினால்தான் உரிமம். நல்ல ஏற்பாடு. 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த காரைக்குடியிலும், சுற்றியுள்ள பேரூராட்சிகளிலும் இத்தகைய ஏற்பாட்டை நடத்துவோர் படிவத்தில் இன்னுமொரு வரி சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து: இந்த நாய்க்கு இரவு நேரத்தில் பொறுப்பாக உள்ளூரில் இருப்பவர் யார், அவர் எண் என்ன? டெசிபெல் கருவி வாங்கப் பணம் வேண்டும், அளக்க ஆள் வேண்டும். ஒரு பெயரும் ஒரு எண்ணும் எழுதி வைக்க என்ன வேண்டும்? பெயர் எழுதக் கிடைக்காத வீட்டில் நாயைக் கட்டவும் கூடாது. அத்தகைய வீட்டுக்கு ஒரு நல்ல பூட்டும், இரவுக் காவலுக்குச் சம்பளம் வாங்கும் ஓர் ஆளுமே பொருந்தும்.

ஆச்சியுடன் அதன்பின் நான்கு முறை பேசினோம். இரண்டாம் முறை சற்றுச் சினந்தும் பேசினார். பெரிய வீட்டுக்காரர்கள் என்றால் எல்லாருக்கும் இளக்காரம் என்றார். மூன்றாம் முறை அந்த ஆசிரியரைப் பற்றிக் கேட்டார். தம் கணவரும் கடைசி எட்டு மாதம் அப்படித்தான் கிடந்தார் என்று சொல்லிவிட்டு வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். நான்காம் முறை அவரே அழைத்தார். நாயைப் பின்கட்டிலிருந்து முன்புறம் மாற்றுவது. இரவில் சங்கிலியை அவிழ்த்து வளவுக்குள் உலவ விடுவது. காலையும் மாலையும் நடத்திச் செல்ல முதியவரின் பேரனுக்கு மாதம் ஒரு தொகை கொடுப்பது. பதினொரு புள்ளியில் நான்கு புள்ளி பணம் அனுப்பியது. மற்றவர்களிடம் கேட்க வேண்டாம் என்று ஆச்சி சொல்லிவிட்டார்.

முதல் வாரம் பெரிய மாற்றமில்லை. அவிழ்த்து விட்ட நாய் வளவு முழுவதும் ஓடி ஓடிக் குரைத்தது. மூன்றாம் வாரத்தில் குறிப்பேட்டில் இரவுக்கு இரண்டு, மூன்று என்று வந்தது. அவற்றின் எதிரே பெரும்பாலும் ‘ஆள்’ என்று இருந்தது. தேர்வு நெருங்கவே பேத்தி எழுதுவதை விட்டுவிட்டாள். ஆசிரியர் இப்போது பின்னிரவில் உறங்குகிறார் என்று அந்த அம்மையார் சொன்னார். பேச்சு வரவில்லை, அது நாயால் போனதன்று. மகன் இன்றும் அந்நாயை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. காலையில் அப்பேரன் அதை நடத்திக்கொண்டு போகும்போது வண்டியைத் துடைப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

சென்ற வாரம், பெரிய வீட்டு முகப்புக்கு எதிரே குடியிருக்கும் அன்பர் ஒருவர் குருமனைக்கு வந்தார். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். நாயை முன்புறம் மாற்றியதிலிருந்து, விடியற்காலை ஐந்து மணிக்குப் பால்காரர் மணியடித்ததும் அது குரைக்கிறதாம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாம். யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை என்றார். ஆச்சியிடம் முன்பே கேட்டு வைத்திருந்தோம். அவர் சம்மதித்தபடி அவருடைய எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்.